காணாமல் போகாத மகள்கள்

காவல் நிலையங்களுக்கு வரும் 'பெண்ணைக் காணவில்லை' புகார்களில் ஒரு வகை உண்டு. புகார் எழுதிக் கொடுக்கும் அப்பாவுக்குப் பெண் எங்கே இருக்கிறாள் என்பது ஏறக்குறையத் தெரியும். யாரோடு இருக்கிறாள் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்துவிட்டதால்தான் ஸ்டேஷன் படியேறியிருக்கிறார். ஆனாலும் மனுவில் 'காணவில்லை' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. நடந்ததைச் சொல்ல அவரிடம் வேறு வார்த்தை இல்லை.

சாதி மாறிக் காதலித்து ஓடிவந்த ஆணும் பெண்ணும் என்றால், பதிவுத் திருமணச் சான்றிதழை மேசையில் வைத்துப் பேச்சை அங்கேயே முடிக்கலாம். (முடியாமல் உயிர்போன கதைகளும் தமிழ்நாட்டில் ஏராளம்.) வந்திருப்பது இரண்டு பெண்கள் என்றால் மேசையில் வைக்கக் காகிதமே கிடையாது. இருவரும் வயதுவந்தவர்கள் என்று காட்ட ஆதார் அட்டை இருக்கும், அவ்வளவுதான்.

2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் கதை இப்படித்தான் தொடங்கியது. ஒருவருக்கு 22 வயது, இன்னொருவருக்கு 20. இரு வீட்டாரும் தனித்தனியாகக் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். சென்னையில் தன்னார்வ அமைப்புகளின் ஆதரவில் தங்கியிருந்த இடத்துக்கே போலீஸார் வந்து விசாரித்தார்கள். பாதுகாப்புக் கேட்டு இருவரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்போது செய்த காரியம் இந்திய நீதிமன்றங்களுக்குப் புதிது. இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பை எழுதினார். பாலீர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை, விருப்பத்தோடு சேர்ந்து வாழும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால் காணவில்லைப் புகாரை முடித்துவிட வேண்டும் என்று காவல்துறைக்கு உத்தரவு, இப்படிப் பலவும் அதில் இருந்தன.

அந்தத் தீர்ப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்த வழக்கில் என்னை விட்டுப் போகாமல் நிற்பது வேறொரு சிறு குறிப்பு. நீதிபதி அந்தப் பெண்களின் பெற்றோரையும் உளவியலாளரிடம் அனுப்பியிருந்தார். சமூகம் என்ன சொல்லும், வம்சம் என்ன ஆகும், தத்து, வாரிசு எல்லாம் எப்படி என்று பெற்றோருக்குப் பல குழப்பங்கள் இருந்ததை உளவியலாளரின் அறிக்கை பதிவுசெய்தது. அதோடு இன்னொன்றும் சொன்னது: மகள்கள் ஒரு பெண்ணோடு வாழ்வதைவிட, காலம் முழுக்கத் தனியாக, துறவிபோல இருந்துவிடுவது கௌரவம் என்று அந்தப் பெற்றோர் நினைத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம் வந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று ஊரே துக்கம் விசாரிக்கும் சமூகத்தில், பெற்றவர்களே 'கல்யாணம் வேண்டாம், பரவாயில்லை' என்று இறங்கிவருகிறார்கள் என்றால் அது சாதாரண விஷயமா? இந்தச் சலுகையை எங்கிருந்து எடுத்தார்கள்?

யோசித்தால், நம் இலக்கியப் பரணிலிருந்துதான். கணவனோடு வாழாத பெண்ணைத் தமிழ் மரபு ஒதுக்கிவிடவில்லை, கொண்டாடியே இருக்கிறது. அதற்கு விலை ஒன்று உண்டு. காரைக்கால் அம்மையார் தசையை உதறிப் பேய் வடிவம் வாங்கிக்கொண்டார். கல்யாணப் பேச்சு வந்ததும் ஔவை பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கினாள் என்று பாட்டிமார் கதை சொல்வார்கள். ஆண்டாள் அரங்கனுக்கு என்று சொல்லிவிட்டாள். பேயாகலாம், கிழவியாகலாம், கடவுளுக்கு மனைவியாகலாம். ஆசையுள்ள உடம்போடு, இளமையோடு, இன்னொரு மனுஷியின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க மட்டும் அந்தப் பரணில் இடமில்லை. மணிமேகலைக் காப்பியத்தை மூன்று தலைமுறைப் பெண்களின் கதையாகவும் படிக்கலாம். குலத்தொழிலுக்குப் பேத்தியை இழுக்கும் பாட்டி சித்திராபதி, விடமாட்டேன் என்று குறுக்கே நிற்கும் தாய் மாதவி, நடுவே மகள். மகளுக்காகத் தன் தாயையே எதிர்த்து நின்ற அம்மா ஒருத்தி நம் மொழியில் அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறாள். ஆனால் அவள் திறந்துவிட்ட கதவும் துறவுக்குத்தான் போகிறது. 2021இல் அந்தப் பெற்றோர் கேட்டதும் அதே கதவைத்தான்.

பெண்ணை விரும்பும் பெண்ணின் கதையை, ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது, 2013இல் உச்ச நீதிமன்றம் திரும்ப இறுக்கியது, 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம் அவிழ்த்துவிட்டது. இது பெரிய கதைதான். ஆனால் பூங்காவிலும் ரயில்வே பாலத்துக்கு அடியிலும் போலீஸிடம் மாட்டிப் பணம் பறிகொடுத்த ஆண்களுக்கு அந்தப் பிரிவு அன்றாடம் எதிரே நின்ற அளவுக்குப் பெண்களுக்கு நிற்கவில்லை. பெண்ணுக்கான சட்டப்பிரிவு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ள, கல்லூரியிலிருந்து நிறுத்த, ஒரே வாரத்தில் மாப்பிள்ளை பார்க்க, தாயத்துக் கட்ட, மந்திரிக்க, எதற்கும் எந்த நீதிமன்றமும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அண்டை நாடான இலங்கையில் நடந்தது இன்னும் விசித்திரம். ஆண்களை மட்டும் குறிவைத்த 365ஏ பிரிவை 1995இல் திருத்தியபோது, 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'எவரும்' என்ற பொருளில் மாற்றிப் பெண்களையும் குற்றவாளிகளாக்கிவிட்டார்கள். சமத்துவம் என்ற பெயரில் இப்படியும் நடக்கும்.

1987 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தில் இரண்டு பெண் காவலர்கள் தங்களுக்குள் மாலை மாற்றிக்கொண்டார்கள். லீலாவும் ஊர்மிளாவும். வேலை போயிற்று. அவர்கள் மீது எந்தக் குற்ற வழக்கும் தேவைப்படவில்லை. 2011 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் நந்திகிராமில் இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து உயிரை விட்டார்கள். உடல்களை வாங்கிக்கொள்ள இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. பெண்ணை விரும்பும் பெண்களுக்காகக் கொல்கத்தாவில் 1999இல் தொடங்கப்பட்ட 'சாஃபோ' அமைப்பினர் அந்தக் கிராமத்துக்குப் போய் விசாரித்து வந்தார்கள். பிறகு இதைப் பற்றி இயக்குநர் தேபலீனா எடுத்த ஆவணப்படத்தின் தலைப்பே 'உரிமை கோரப்படாதவர்களும்' என்ற பொருள்படும் வங்காளச் சொற்கள்தான். உயிரோடு இருந்தவரை எங்கள் பெண், எங்கள் மானம் என்று உரிமை கொண்டாடிய குடும்பங்கள் சவக்கிடங்கு வாசலில் அந்த உரிமையை உதறிவிட்டன.

எங்கள் ஊர்க் கதை ஒன்று இதற்குத் தலைகீழ். நான் சிறுமியாக இருந்தபோது பக்கத்துத் தெருவில் இரண்டு டீச்சர்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருவர் கணக்கு, ஒருவர் தையல். ஊர் அவர்களைச் சேர்த்தே சொல்லும். ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. அவர்களுக்குள் என்ன உறவு என்று எனக்குத் தெரியாது. நான் அதற்கு இப்போது ஒரு பெயர் சூட்டுவதும் நியாயமில்லை. எனக்குத் தெரிந்தது கடைசி நாள் மட்டும். கணக்கு டீச்சர் இறந்த காலையில், வருஷக்கணக்கில் அந்தப் பக்கமே வராத அண்ணன் குடும்பம் வேன் வைத்துக்கொண்டு வந்தது. உடலை எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். தையல் டீச்சர் தெருமுனைவரை மற்ற பெண்களோடு நடந்துவந்தார், பக்கத்து வீட்டுக்காரியைப் போல. பதினாறாம் நாளுக்கு அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்தத் தலைமுறையில் ஊர் கண்டும் காணாமல் இருந்தது, அது ஒரு வகைப் பெருந்தன்மை என்று சிலர் ஏக்கத்தோடு சொல்லும்போது எனக்கு அந்தத் தெருமுனைதான் ஞாபகம் வருகிறது.

2024 ஆகஸ்ட், செப்டம்பரில் மத்திய அரசு சில அறிவிப்புகளை வெளியிட்டது. பால்புதுமையினர் இணையர் ஒரே ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாக இருக்கலாம். வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நியமனதாரராகப் போடலாம். நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலை இணையர் பெற்றுக்கொள்ளலாம். இவ்வளவு நாள் கழித்தாவது வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். பிறகு அந்த 'இல்லாதபோது' கண்ணில் பட்டது. கணக்கு டீச்சரின் அண்ணன் இன்றைக்கு வந்தாலும் அவருக்குத்தான் முதல் உரிமை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் திருமண உரிமையைத் தர மறுத்துவிட்டதால், இப்படித் துண்டுத் துண்டாகச் சேர்த்துத்தான் ஒரு குடும்பத்தைக் கட்ட வேண்டியிருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இணையர்கள் தங்களுக்குள் குடும்ப உறவு ஒப்பந்தம் பதிவுசெய்துகொள்ளும் ஏற்பாட்டைத் தமிழக அரசு பரிசீலிக்கலாம் என்றார். தெருமுனையில் நின்றவருக்கு அப்படி ஒரு காகிதம் இருந்திருந்தால் வேனிலாவது ஏறியிருப்பார்.

சட்டம் போகட்டும். அம்மாக்களைப் பற்றிப் பேச வேண்டும். நான் கேட்டவரையில், இந்த விஷயத்தில் அப்பாக்கள் மானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், அம்மாக்கள் ஆத்திரப்படுகிறார்கள். அந்த ஆத்திரத்தின் ஆழம் சில நேரம் பயமுறுத்தும். 'நான் உன்னை அப்படியா வளர்த்தேன்' என்பதில் தொடங்கி, 'என்னை யாரு கேட்டா அந்தக் காலத்துல?' என்ற இடத்துக்குத்தான் அது வந்து நிற்கும். இந்தக் கேள்விக்கு அந்தப் பெண்ணின் பாலீர்ப்போடு தொடர்பே இல்லை. பார்த்துப் பழகாத ஒருவரோடு பதினெட்டு வயதில் அனுப்பிவைக்கப்பட்ட ஒருத்தி, வேறு வழி இல்லை என்று நம்பித்தான் அத்தனை வருஷத்தையும் தள்ளியிருக்கிறாள். வழி இருந்தது என்று மகள் ஒருத்தி எழுந்து நின்றால், அம்மா பொறுத்துக்கொண்டதெல்லாம் என்ன ஆவது? அந்தக் கணக்கைத் திரும்பத் திறக்க எந்த அம்மாவுக்குத் தைரியம் வரும்?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் திறந்தார்கள். பெயரும் ஊரும் வேண்டாம். மகள் பெங்களூருவில் தோழியோடு வாழ்கிறாள் என்று தெரிந்தபின் இரண்டு வருஷம் அம்மா பேசவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் ஒரு பூசாரியிடமும் ஒரு மனநல மருத்துவரிடமும் போய் வந்தார், மகள் இல்லாமலே. மருத்துவர் மாத்திரை எழுதித் தர மறுத்துவிட்டார். இது நோய் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இலேயே சொல்லிவிட்டது, பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை செய்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது, இதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த டாக்டர் மகளைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு, 'நீங்க எப்படிம்மா இருக்கீங்க?' என்று கேட்டார். ஒரு மணி நேரம் அழுததாகச் சொன்னார். பத்தாம் வகுப்பு முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போட்ட விண்ணப்பத்தை அவருடைய அப்பா கிழித்துப் போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயில் வந்ததாம். பிறகு மகளுக்குப் போன் செய்தபோது அவளுடைய தோழியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த விண்ணப்பத்தைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். மகள் அதுவரை அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

தலைமுறைக் காயம், ஆற்றுதல் என்றெல்லாம் பெரிய வார்த்தைகள் இப்போது புழங்குகின்றன. என் புரிதலில் நடப்பது இவ்வளவுதான். அம்மா மகளைப் 'புரிந்துகொள்வது' பெரும்பாலும் கடைசியாக வருகிறது, சில வீட்டில் வருவதே இல்லை. அதற்கு முன்னால் அம்மா தன்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாள். மகள் அந்த நேரத்தில் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கக் கடமைப்பட்டவளும் அல்ல. அவள் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு போகலாம், போனை எடுக்காமலும் இருக்கலாம். பெற்றவர்கள் மனம் மாறும்வரை மகள்தான் பொறுமையாகப் பேசிப் பேசி ஜெயிக்க வேண்டும் என்ற அறிவுரையை எங்கு கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. அடி வாங்கியவளிடமே மருந்துச் செலவையும் கேட்பது என்ன நியாயம்?

2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு ஓர் ஆட்கொணர்வு மனுவில் தீர்ப்புச் சொன்னது. 25 வயதுப் பெண் ஒருவரைக் குடும்பத்தார் வலுக்கட்டாயமாக வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய தோழி போட்ட மனு அது. அந்தப் பெண் நீதிபதிகளிடம் நேராகவே சொன்னார்: அடித்தார்கள், 'சரியாக்க' சடங்குகள் செய்தார்கள், நான் என் தோழியோடு போக விரும்புகிறேன். நீதிமன்றம் அவரை அனுப்பிவைத்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றது, நாமே தேர்ந்துகொள்ளும் குடும்பத்தை ஏற்றுக்கொண்டது. அம்மாவிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தோம், பலனில்லை என்பதையும் பதிவுசெய்து, எல்லாப் பெற்றோரும் நீதிபதி லீலா சேத் போல இருப்பதில்லை என்று எழுதியது.

அந்த வரியில் எனக்கொரு சின்ன மனத்தாங்கல். லீலா சேத் இந்தியாவில் ஒரு மாநில உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி. 2013 தீர்ப்பு வந்ததும், எண்பதைத் தாண்டிய வயதில், என் மகன் விக்ரம் இப்போது குற்றவாளியா என்ற கேள்வியோடு பத்திரிகையில் எழுதிய அம்மா. பெரிய மனுஷிதான். ஆனால் அவரும் ஆரம்பத்தில் 'லீலா சேத்' இல்லை. மகனின் பாலீர்ப்பை மனதளவில் உள்வாங்கிக்கொள்ளத் தனக்கு வெகுகாலம் ஆயிற்று, கணவருக்கு அதைவிடக் கடினமாக இருந்தது என்று சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சட்டம் படித்து, உலகம் சுற்றி, நாவலாசிரியனைப் பெற்ற அம்மாவுக்கே அந்த நிலை. இந்த வழக்கின் வேலூர் மாவட்டத்து அம்மாவை அவரோடு நிறுத்தி அளந்தால் யார் தேறுவார்கள்? அடித்ததையும் அடைத்துவைத்ததையும் நான் நியாயப்படுத்தவில்லை. அதற்குச் சட்டம் செய்ய வேண்டியதைச் செய்யட்டும்.

வசதி இருந்தால் எல்லாம் சுலபம் என்பவர்கள் 2022 ஆகஸ்ட் 31ஐ எடுத்துக்காட்டுவார்கள். கனடாவிலிருந்து வந்த தமிழ்ப் பிராமண வீட்டுப் பெண்ணுக்கும் வங்கதேசத்து இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்கும் சென்னையில் சாஸ்திரப்படி கல்யாணம் நடந்தது. இரண்டு பெண்களும் அப்பாக்களின் மடியில் உட்கார்ந்து மாலை மாற்றிக்கொண்ட படம் நாடெங்கும் சுற்றியது. பாட்டியும் கல்யாணத்தில் இருந்தார். வசதி உதவியது உண்மை. ஆனால் அந்த அம்மாவுக்கும் முதலில் வந்தது இந்தியாவில் இருக்கும் சொந்தபந்தம் அறுந்துபோகுமோ என்ற பயம்தான் என்று செய்திகளில் படித்தேன். கடல் தாண்டியும் கூடவே போயிருக்கிறது அந்தப் பயம். நம் ஊரில் அதற்குச் சாதியும் துணை. இரண்டு பெண்களும் ஒரே சாதி என்றாலும் தப்ப முடியாது. ஒரு பெண்ணின் வயிற்றை வைத்துத்தான் சாதி அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அவள் எந்த ஆணுக்கும் இல்லை என்று ஒதுங்கும்போது, சாதி மாறிக் கட்டிக்கொண்டவளைவிட அவள் பெரிய குழப்பம்.

நான் சொன்ன பெங்களூரு மகளின் தம்பிக்குப் போன தையில் கல்யாணம். பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு உறவினர் பெயர்களை வரிசையாக அச்சடிப்பார்களே, அதில் எவர் பெயர் விட்டுப்போனாலும் ஏழு வருஷம் பேச்சுவார்த்தை நின்றுவிடும். மகள் பெயரைப் போட்டாயிற்று. பக்கத்தில் மாப்பிள்ளை பெயர் வர வேண்டிய இடத்தில் அம்மா தன் கையெழுத்தில் இன்னொரு பெண்ணின் பெயரை எழுதி அச்சகத்தில் கொடுத்திருக்கிறார். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. புரூஃப் பார்க்கப் போனபோது அச்சகக்காரர் பென்சிலால் அந்தப் பெயருக்குக் கீழே கோடு போட்டுவைத்திருந்தார்.

"இவங்க யாருங்கம்மா? என்ன உறவுன்னு போடட்டும்?"

"பேரை மட்டும் போடுங்க தம்பி."